மூவர் கம்பிக்குப் பந்து போகவே மாட்டேன் என்கிறது: பாஸ், ஷாட் இரண்டுக்கும் வழி சொல்லுங்கள்

#1 வெள்ளைப்பந்து

வணக்கம். எட்டு மாதமாக மேசைக் கால்பந்து ஆடுகிறேன். வாரத்தில் நான்கு நாள், நாளுக்கு முக்கால் மணி நேரம். இரட்டையர் ஆட்டத்தில் எனக்கு முன்வரிசை, அதாவது ஐந்து பொம்மைகள் உள்ள ஐவர் கம்பியும், அதற்கு முன்னே கோல் அடிக்க மூன்று பொம்மைகள் உள்ள மூவர் கம்பியும் என் கையில்.

மூவர் கம்பியில் பந்து கிடைத்துவிட்டால் பலமாக அடிக்கிறேன், பாதிக்குப் பாதி கோலும் ஆகிறது. ஆனால் பந்து அங்கே போய்ச் சேர்ந்தால்தானே! ஐவர் கம்பியிலிருந்து நான் தள்ளுவதில் பெரும்பகுதி எதிராளியின் ஐவர் கம்பியில் முட்டி அவர்களிடமே போகிறது. தப்பித்து வருவதும் என் மூவர் கம்பியில் பட்டுத் துள்ளி ஓடிவிடுகிறது. நேற்று ஓர் ஆட்டத்தில் எண்ணினேன். இருபத்து மூன்று முறை ஐவர் கம்பியில் பந்து என்னிடம் வந்தது. நான்கே முறைதான் மூவர் கம்பியில் அடங்கியது.

இன்னும் வேகமாகத் தள்ளிப் பார்த்தேன், இன்னும் மோசமாகிறது. என்ன தவறு செய்கிறேன்? ஷாட் பற்றியும் சொல்லுங்கள். இப்போது எனக்குத் தெரிந்தது பந்தைப் பக்கத்தில் வைத்து இழுத்து அடிப்பது ஒன்றுதான்.

#2 ஐவர்கம்பி

நண்பரே, எண்ணிப் பார்த்தீர்களே, அது நல்ல தொடக்கம். பதினைந்து வருடமாக இந்தக் கம்பியோடு மல்லுக்கட்டுகிறேன், பெரும்பாலானவர்கள் எண்ணுவதே இல்லை.

வேகத்தைக் கூட்டியதுதான் தவறு. உங்கள் ஐவர் கம்பிக்கும் மூவர் கம்பிக்கும் நடுவே நிற்பது எதிராளியின் ஐவர் கம்பி. அதில் சுவரோரம் நிற்கும் கடைசிப் பொம்மைதான் உங்கள் காவல்காரர். அவர் இரண்டு இடத்தைக் காக்க வேண்டும். ஒன்று சுவரை ஒட்டிய வழி. இன்னொன்று அதற்கு உள்ளே, ஒரு பொம்மை அகலம் தள்ளி இருக்கும் சந்து. ஒரே பொம்மையால் இரண்டையும் ஒரே நேரத்தில் அடைக்க முடியாது. அதனால் அவர் இங்கும் அங்கும் ஆடிக்கொண்டே இருப்பார், உங்கள் கையைப் பார்த்து ஊகிப்பார்.

ஆக உங்களுக்கு வேண்டியது இரண்டு பாஸ்கள்: சுவர்ப் பாஸ், சந்துப் பாஸ். இரண்டும் ஒரே மாதிரி தொடங்க வேண்டும். கடைசிக் கணத்தில்தான் பிரிய வேண்டும். தொடக்கத்திலேயே வேறுபாடு தெரிந்துவிட்டால் நீங்கள் எவ்வளவு வேகமாகத் தள்ளினாலும் அவர் முன்பே அங்கே நிற்பார்.

இதற்கு நான் சிபாரிசு செய்வது பிரஷ் பாஸ். தூரிகையால் பூசுவது போலப் பந்தை உரசி அனுப்புவதால் அந்தப் பெயர். செய்முறை இப்படி:

பந்தை ஒரு பொம்மையிலிருந்து அடுத்ததற்கு மெதுவாகத் தட்டிவிடுங்கள். பந்து உங்கள் பக்கச் சுவரை நோக்கி நிதானமாக உருண்டு வரும். நடந்து வருகிற வேகம் போதும், ஓடி வர வேண்டாம். பொம்மையின் பாதம் பந்துக்குச் சற்றுப் பின்னால் தயாராக இருக்கட்டும். பந்து போகும் திசையிலேயே கம்பியை நகர்த்திக்கொண்டு முன்னே வீசினால், பாதம் பந்தின் முதுகை உரசிச் சுவர்ப் பக்கம் சாய்வாக அனுப்பும். அது சுவர்ப் பாஸ். பந்து உருண்டு வரும்போதே கம்பியைச் சட்டென்று எதிர்த் திசையில் இழுத்துக்கொண்டு வீசினால், பந்து உள்ளே திரும்பிச் சந்தில் போகும். அது சந்துப் பாஸ்.

பந்தில் பேனாவால் ஒரு பெரிய புள்ளி வைத்துப் பாருங்கள். சரியாக உரசியிருந்தால் புள்ளி பக்கவாட்டில் சுழலும். நேராக அடித்திருந்தால் புள்ளி முன்னோக்கி மட்டும் உருளும், பந்தும் சாயாமல் நேராகக் காவல்காரரின் காலில் போய் விழும். உங்கள் பந்து அப்படித்தான் போகிறது என்று நினைக்கிறேன்.

#3 வெள்ளைப்பந்து

மிக்க நன்றி. இன்றே புள்ளி வைத்துப் பார்த்தேன். நீங்கள் சொன்னதுதான், புள்ளி தலைகுப்புற முன்னோக்கி மட்டுமே உருள்கிறது. உரசவே இல்லை.

ஒரு சந்தேகம். நான் பந்தைக் காலுக்குக் கீழே அமுக்கி நிறுத்தி, நன்றாகக் குறி பார்த்து, அங்கிருந்து தள்ளுவேன். உருண்டு வரும் பந்தை உரசுவது கடினமாக இருக்கிறது. நிறுத்திய பந்தையே உரசலாமா?

#4 நடுவர்மேசை

கூடாது. மேசைக் கால்பந்தின் சர்வதேசக் கூட்டமைப்பான ஐடிஎஸ்எஃப் 2002-இல் தொடங்கியது, இன்று பல பெரிய போட்டிகள் அதன் விதிப்படிதான் நடக்கின்றன. அந்த விதியில், ஐவர் கம்பியில் நிறுத்திய பந்தை அப்படியே மூவர் கம்பிக்கு அனுப்ப முடியாது. நிறுத்திய பிறகு குறைந்தது இரண்டு பொம்மைகளையாவது பந்து தொட்டிருக்க வேண்டும். வீட்டு ஆட்டத்தில் யாரும் கேட்கமாட்டார்கள், ஆனால் விதிக்கு ஒவ்வாத பழக்கத்தை எட்டு மாதம் வளர்த்துவிட்டுப் பிறகு மாற்றுவது பெரும்பாடு. இப்போதே மாற்றிக்கொள்ளுங்கள்.

கூடவே இவற்றையும் மனதில் வையுங்கள். ஐவர் கம்பியில் பந்தை 10 விநாடிக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, மற்ற கம்பிகளில் 15 விநாடி. பாஸ் செய்யும் முன் பந்து பக்கச் சுவரில் இரண்டு முறைக்கு மேல் படக் கூடாது. பயிற்சியிலும் வாய்விட்டு எண்ணிக்கொண்டே செய்யுங்கள். 10 விநாடி என்பது நினைப்பதைவிட நீளம். அவசரப்பட்டு மூன்றாவது விநாடியிலேயே தள்ளிவிடுகிறவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

#5 தடுப்புச்சுவர்

நான் பின்வரிசைக்காரன், ஒற்றையர் ஆடும்போது ஐவர் கம்பியிலும் தடுப்பேன். மறுபக்கத்திலிருந்து என்ன தெரிகிறது என்று சொன்னால் உதவும்.

நான் பந்தைப் பார்ப்பதே இல்லை. பந்து பொய் சொல்லாது, ஆனால் அது தாமதமாகத்தான் சொல்லும். நான் பார்ப்பது எதிராளியின் தோளையும் கைப்பிடியைப் பிடித்திருக்கும் விரல் மூட்டுகளையும். புதிதாக ஆடுகிறவர்கள் தள்ளப் போகும் முன் கைப்பிடியை இறுக்குவார்கள். மூட்டு வெளுக்கும். அந்தக் கணத்தில் என் பொம்மையைச் சுவருக்கு நகர்த்திவிடுவேன், ஏனென்றால் பதற்றத்தில் எல்லாரும் சுவரையே தேடுவார்கள். பத்தில் எட்டு முறை பந்து என் காலில் வந்து விழும்.

வெள்ளைப்பந்து, உங்கள் தோழர் யாரையாவது உங்கள் கையை மட்டும் படம் பிடிக்கச் சொல்லுங்கள். மேசை தெரியவே வேண்டாம். பிறகு அந்தக் காணொளியைப் பார்த்து, எப்போது தள்ளப் போகிறீர்கள் என்று ஊகியுங்கள். உங்களாலேயே ஊகிக்க முடிந்தால் எதிராளிக்கும் தெரியும்.

ஐவர்கம்பி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். சுவர், சந்து, சுவர், சந்து என்று மாற்றி மாற்றி அடிக்காதீர்கள். அதுவும் ஓர் ஒழுங்குதான், இரண்டாவது சுற்றிலேயே பிடிபட்டுவிடும். சுவர் திறந்திருக்கிறதா, அது மூடும்வரை சுவரிலேயே போங்கள்.

#6 நிதானக்கை

நீங்கள் எல்லாரும் பாஸ் அனுப்புவதைப் பற்றியே பேசுகிறீர்கள். அவர் முதல் பதிவில் சொன்ன இரண்டாவது குறையை யாரும் தொடவில்லை: மூவர் கம்பியில் பட்டுத் துள்ளுகிறது. நான் இரண்டு வருடம் இதில் தவித்தேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

வாங்கும் பொம்மையைச் செங்குத்தாக நிறுத்தியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். செங்குத்தான கால் ஒரு சுவர் மாதிரி. வந்த பந்து வந்த வழியே திரும்பும். காலைச் சற்றே முன்னே, அதாவது எதிரணி கோல் பக்கமாகச் சாய்த்து வையுங்கள். அப்போது காலின் பின்பக்கம் கீழ்நோக்கிச் சரிந்த கூரை போல ஆகிவிடும். பின்னாலிருந்து வரும் பந்து அந்தக் கூரைக்கு அடியில் புகுந்து, தரைக்கும் பாதத்துக்கும் நடுவே அடங்கும். எவ்வளவு சாய்ப்பது என்பது மேசையையும் பந்தையும் பொறுத்தது. கூடச் சாய்த்தால் பந்து அடியில் நழுவி மறுபக்கம் போய்விடும். ஒரு மாலை முழுக்க அதை மட்டும் செய்து உங்கள் மேசைக்கான கோணத்தைக் கண்டுபிடியுங்கள்.

கோணம் சரியானாலும் கை இறுகியிருந்தால் பயனில்லை. மூவர் கம்பியைப் பிடித்திருக்கும் கை தளர்ந்திருக்க வேண்டும். முட்டையைப் பிடிப்பது போல என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள், அதையே உங்களுக்கும் சொல்கிறேன். பந்து வந்து மோதும்போது பொம்மை ஓர் இழை பின்வாங்கி, வேகத்தை உள்வாங்கிக்கொள்ளும். இறுக்கிப் பிடித்த கம்பியில் அந்த இழை கிடைக்காது.

ஒரு காலத்தில் கைப்பிடியை நெரிப்பது போலப் பிடித்து ஆடினேன். வலது மணிக்கட்டின் மேல்பக்கம் வலிக்கத் தொடங்கியது. பிறகு தண்ணீர்க் குவளை தூக்கினாலே வலித்தது. மூன்று மாதம் ஆடவில்லை. திரும்பி வந்தபோது பயத்தில் லேசாகத்தான் பிடித்தேன், ஆச்சரியம், பந்து அடங்கத் தொடங்கியது. வலி வருகிறவர்கள் தயவுசெய்து அதைப் பொறுத்துக்கொண்டு ஆடாதீர்கள்.

கை வியர்த்து வழுக்குவதால்தான் பலர் இறுக்குகிறார்கள். டென்னிஸ் மட்டைக்குச் சுற்றும் பட்டையைக் கைப்பிடியில் சுற்றினால் லேசான பிடியே போதும்.

#7 வெள்ளைப்பந்து

நிதானக்கை, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு என் கையைப் பார்த்தேன். கைப்பிடியின் வரிகள் உள்ளங்கையில் பதிந்திருக்கின்றன! இதை எட்டு மாதத்தில் ஒரு நாள்கூடக் கவனிக்கவில்லை.

#8 புதுவரவு

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். எங்கள் இடத்தில் எல்லாரும் கம்பியைச் சுற்றிவிடுகிறார்கள். அப்படிச் சுற்றி வரும் கோல் செல்லுமா? அது தவறு என்றால் ஏன் தவறு?

#9 நடுவர்மேசை

செல்லாது. பந்தை அடிக்கும் முன்னும் சரி, அடித்த பின்னும் சரி, பொம்மை 360 பாகைக்கு மேல் சுற்றக் கூடாது. யாரும் பிடிக்காத கம்பி பந்து மோதித் தானாகச் சுற்றினால் அது சுற்றல் ஆகாது.

விதியை விடுங்கள். சுற்றிவிடுகிற கம்பியில் பந்து எங்கே போகும் என்பது அடித்தவருக்கே தெரியாது. பாதம் பந்தில் எந்த இடத்தில் பட்டது, எப்போது பட்டது, ஒன்றும் அவர் கையில் இல்லை. சுற்றுவதை ஒரு வாரம் நிறுத்தினால் முதலில் தோற்பீர்கள். அந்த வாரத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

#10 மணிக்கட்டு

ஷாட் பற்றியும் கேட்டிருந்தார் அல்லவா? என் பங்குக்கு ஸ்நேக் ஷாட்டைச் சொல்கிறேன். இன்று உலக அளவில் பல மேசைகளில் அதிகம் பார்க்கக்கூடிய ஷாட் அதுதான், காரணமில்லாமல் இல்லை.

மூவர் கம்பியின் நடுப் பொம்மை பந்தை முன்பக்கமிருந்து அமுக்கிப் பிடித்திருக்கும். பந்து கோலின் நடுவுக்கு நேராக இருக்கும். அமுக்கியபடியே பந்தை இடமும் வலமும் லேசாக அசைக்கலாம். ஆக, தடுப்பவருக்கு இரண்டு பக்கமும் ஆபத்து. எங்கே இடைவெளி திறக்கிறதோ அங்கே பந்தைச் சட்டென்று நகர்த்தி, பொம்மையை ஏறக்குறைய ஒரு முழுச் சுற்று சுற்ற வைத்து, பின்னாலிருந்து அடிப்பது. 360-ஐத் தாண்டாததால் விதிக்கு உட்பட்டதே.

பிடிதான் இதில் விசித்திரம். கைப்பிடியை விரல்களால் பற்றுவதில்லை. மணிக்கட்டின் உட்பக்கத்தை அதன்மேல் சாய்த்து வைத்திருப்போம். அடிக்கும்போது கையை மேலே இழுக்க, கைப்பிடி மணிக்கட்டிலிருந்து உள்ளங்கை வழியாக விரல் வரை உருண்டு வரும். கடைசியில் விரல்கள் அதைப் பிடித்து நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் சுற்றல் ஆகிவிடும்.

கற்கும்போது எல்லாரும் செய்யும் தவறு, நகர்த்துவதையும் அடிப்பதையும் ஒன்றாகச் செய்வது. முதலில் பக்கவாட்டு நகர்வு, அது முடியும் தறுவாயில் அடி. இரண்டும் கலந்தால் பந்து குறுக்காகச் சிதறும். ஆரம்பத்தில் கோலில் யாரையும் நிறுத்தாமல், நகர்த்து... அடி... நகர்த்து... அடி என்று சொல்லிக்கொண்டே செய்யுங்கள். வேகம் தானாக வரும்.

#11 ஐவர்கம்பி

மணிக்கட்டு சொன்னது எல்லாம் சரி. ஆனால் வெள்ளைப்பந்துக்கு இப்போது அது வேண்டாம் என்பேன்.

அவர் ஏற்கனவே இழுத்து அடிக்கிறார், புல் ஷாட். அதில் பாதி கோல் ஆகிறது என்கிறார். அதை முழுமையாக்கட்டும். புல் ஷாட்டில் பந்து நடுப் பொம்மையின் பக்கத்தில் இருக்கும், தன்னை நோக்கி இழுத்து, சரியான கணத்தில் மணிக்கட்டைச் சொடுக்கி அடிக்க வேண்டும். பாதத்தின் நடுப்பகுதி பந்தின் நடுவில் பட வேண்டும். பாதம் பந்துக்குப் பின்தங்கினால் பந்து முன்னால் சிதறும், பாதம் முந்திவிட்டால் பந்து எதிர்ப்பக்கம் வெட்டிப் போகும். இந்த ஒத்திசைவு கைவந்தவனுக்கு எந்த ஷாட்டும் கடினம் இல்லை. கைவராதவனுக்கு ஸ்நேக் ஷாட் வெறும் சத்தம்.

காதாலும் சோதிக்கலாம். சரியாகப் பட்ட பந்து கோலின் பின்பலகையில் ஒரே ஒரு ‘டக்’ என்று விழும். ஓரத்தில் பட்டது சுவரில் உரசி ‘டரட்’ என்று இழுக்கும்.

#12 மணிக்கட்டு

இதில் உங்களோடு உடன்பட மாட்டேன். புல் ஷாட்டில் பந்தை நிறுத்தி வைப்பதே புதியவருக்குப் பெரும்பாடு. பக்கத்தில் சும்மா நிற்கும் பந்து, மேசை ஒரு நூல் சாய்ந்திருந்தாலும் உருண்டு ஓடிவிடும். ஸ்நேக்கில் பந்து காலடியில் அமுக்கப்பட்டிருக்கிறது, எங்கும் போகாது. 15 விநாடியும் நிம்மதியாகத் தடுப்பவரைப் பார்க்கலாம். நான் இருவருக்குச் சொல்லிக்கொடுத்தேன். இருவரும் முதலில் கற்றதே ஸ்நேக்தான், மூன்று மாதத்தில் நன்றாக அடித்தார்கள்.

#13 ஐவர்கம்பி

பந்தை நிறுத்தி வைப்பது பற்றி நீங்கள் சொன்னது நியாயம். அதை நான் யோசிக்கவில்லை. எனக்கு அது பழகிப்போனதால் கடினம் என்பதே மறந்துவிட்டது. ஆனாலும் பாதி கோல் ஆகிற ஷாட்டைக் கைவிட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்கினால், அவர் பாஸ் பழக வேண்டிய நேரமும் அதில் போய்விடும். ஒரே நேரத்தில் இரண்டையும் மாற்ற வேண்டாம் என்பதுதான் என் கவலை. முதலில் பாஸ்.

#14 தடுப்புச்சுவர்

எந்த ஷாட் என்பதைவிட எங்கே அடிப்பது என்று நான் சொல்கிறேன், ஏனென்றால் தினமும் அந்த இடத்தில் நிற்பவன் நான்.

கோலின் அகலம் சுமார் 20 செ.மீ. பந்து சுமார் 3.5 செ.மீ. தடுக்க எனக்கு இருப்பது இருவர் கம்பியில் ஒரு பொம்மை, கோலியிடம் ஒரு பொம்மை. ஆக இரண்டு பாதங்கள். அந்த இரண்டையும் எப்படி வைத்தாலும் பந்து நுழையும் அளவு இடைவெளி எங்காவது இருந்தே தீரும். இதை முன்வரிசைக்காரர்கள் மறந்துவிடுகிறார்கள். ஓட்டை எப்போதும் இருக்கிறது, அதைப் பார்க்காமல் அடிப்பதால்தான் தடுக்கப்படுகிறார்கள்.

அதனால் நான் என்ன செய்வேன் தெரியுமா? அசைந்துகொண்டே இருப்பேன், ஓட்டை இடம் மாறிக்கொண்டே இருக்கும். அல்லது ஓர் ஓட்டையை வேண்டுமென்றே காட்டி, நீங்கள் நகர்ந்ததும் மூடுவேன். புல் ஷாட் ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் கோலின் ஓரம் வரை நீள இழுத்தே அடிப்பார்கள். எனவே ஓரத்தை முதலில் மூடுவேன். வெள்ளைப்பந்து, உங்கள் ஷாட் பாதி தடுக்கப்படுவது இதனால்தான் என்று பந்தயம் கட்டுவேன். சிறிது மட்டும் இழுத்து நேராக அடியுங்கள், இரண்டு முறை. மூன்றாவது முறை ஓரம் தானாகத் திறக்கும்.

இது ஐவர்கம்பி பாஸுக்குச் சொன்ன அதே விஷயம். ஒரே தொடக்கம், இரண்டு முடிவு.

#15 கம்பிக்குஎண்ணெய்

ஆட்டத்தைப் பற்றி நான் பெரிதாகச் சொல்ல மாட்டேன், மேசைகளைப் பராமரிக்கிறவன். இரண்டே விஷயம்.

மேசை மட்டமாக இருக்கிறதா என்று பாருங்கள். பந்தை நான்கு மூலைக்கும் நடுவுக்கும் இடையே வைத்துவிட்டுக் கையை எடுங்கள். ஒரே பக்கமாக உருண்டால் கால் திருகுகளைச் சரிசெய்யுங்கள். மேசை சாய்ந்திருந்தால் மெதுவாக உருள வேண்டிய பிரஷ் பாஸ் ஒருநாளும் பழகாது, தவறு உங்கள் கையில் இருப்பதாக நினைத்துக்கொண்டே இருப்பீர்கள்.

கம்பி இறுகினால் சுத்தமான சிலிக்கோன் எண்ணெய் மட்டும், அதுவும் ஒரு சொட்டு, துணியால் துடைத்துவிட்டு. துருவுக்கு அடிக்கும் தெளிப்பானை அடிக்காதீர்கள். தூசியைப் பிடித்து ஒட்டிக்கொள்ளும், ஆடுகளத்தில் சொட்டினால் பந்து அங்கே வழுக்கும்.

#16 நிதானக்கை

மேசை என்றதும் நினைவுக்கு வருகிறது. எந்த மேசையில் ஆடுகிறீர்கள் என்று யாருமே கேட்கவில்லை!

நான் பழகியது பிரான்சின் பொன்சினி மேசையில். லினோலியம் தரை, கார்க் பந்து, உலோகப் பொம்மைகள். பந்து காலடியில் பசை போட்டதுபோல நிற்கும், அமுக்கி ஆடுகிற ஆட்டம் அங்கே இயல்பாக வரும். பிறகு அமெரிக்காவின் டொர்னாடோ மேசைக்கு மாறினேன். பந்து கெட்டி, தரை கெட்டி. பொம்மையின் தலைப்பக்கமும் கால்பக்கமும் சம எடை என்பதால் கம்பியை விட்டாலும் பொம்மை அப்படியே நிற்கும், தொங்காது. முதல் வாரம் என்னால் ஒரு பந்தைக்கூட அடக்க முடியவில்லை. பிரஷ் பாஸின் அருமை அங்கேதான் புரிந்தது. ஒரே சொல்லை இரண்டு ஊர்க்காரர்கள் வேறு வேறு விதமாக உச்சரிப்பது போல, ஒரே பாஸ் இரண்டு மேசையில் இரண்டு மாதிரி. பெல்ஜியத்தின் ஃபிரெடெரிக் கோலினியோன் போன்றவர்கள் பலவகை மேசைகளில் வெல்வதைப் பார்க்கும்போது எனக்கு வரும் மரியாதை அதனால்தான்.

#17 வெள்ளைப்பந்து

என்ன மேசை என்று எனக்கே தெரியாது, அதில் பெயர் எதுவும் இல்லை. பந்து கெட்டியான பிளாஸ்டிக், தரை வழவழப்பு. பொம்மையைத் தலைகீழாக வைத்துவிட்டால் தானாகக் கீழே தொங்கிவிடுகிறது. இடப்பக்கம் சாய்ந்திருந்தது! சரிசெய்துவிட்டோம்.

மூன்று வாரம் நேரம் கொடுங்கள். முதலில் பாஸ் மட்டும். வந்து சொல்கிறேன்.

#18 ஐவர்கம்பி

அந்த மூன்று வாரத்துக்கு ஒரு திட்டம் தருகிறேன், பிடித்தால் பின்பற்றுங்கள். தனியாக, எதிராளி இல்லாமல். எதிரணியின் ஐவர் கம்பியைத் திருப்பிப் பொம்மைகளை மேலே தூக்கி, தொங்கிவிடாதபடி கட்டிவிடுங்கள். நாளுக்கு ஐம்பது சுவர்ப் பாஸ், மூவர் கம்பியில் அடங்கினால்தான் கணக்கு. நாற்பது அடங்கும்வரை சந்துப் பாஸைத் தொடாதீர்கள். பிறகு சந்து ஐம்பது. மூன்றாவது வாரத்தில் அந்தக் கம்பியைக் கீழே இறக்கி, கடைசிப் பொம்மையைச் சுவரோரம் நிறுத்தி வைத்துச் சந்திலும், சந்தில் நிறுத்தி வைத்துச் சுவரிலும் அனுப்புங்கள். அசையாத பொம்மைதான், ஆனாலும் கண் பழகும்.

களைத்துப்போன கையோடு செய்யாதீர்கள். இருபது நிமிடத்துக்குமேல் உரசல் மழுங்கும், நேராக அடிக்கத் தொடங்கிவிடுவீர்கள்.

#19 வெள்ளைப்பந்து

மூன்று வாரம் என்றேன், ஐந்து வாரம் ஆகிவிட்டது.

சுவர்ப் பாஸ் ஐம்பதில் நாற்பது வர பதினோரு நாள் பிடித்தது. முதல் நான்கு நாள் பதினெட்டைத் தாண்டவே இல்லை. ஐந்தாம் நாள் ஒன்று கவனித்தேன். பந்து உருண்டு வரும்போது நான் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தேன். அடக்கினால் தோள் ஏறுகிறது, தோள் ஏறினால் விரல் இறுகுகிறது. மூச்சை மெதுவாக விட்டுக்கொண்டே உரசிப் பார்த்தேன். புள்ளி பக்கவாட்டில் சுழன்றது! பந்து சுவரை ஒட்டி வழுக்கிக்கொண்டு போய், சாய்த்து வைத்த காலுக்கு அடியில் சத்தமே இல்லாமல் அடங்கியது. அதுவரை என் பாஸ் எல்லாமே சத்தத்தோடுதான் போய்ச் சேர்ந்திருக்கின்றன. திரும்பத் திரும்ப அதையே செய்தேன், மணி போனதே தெரியவில்லை.

நேற்று ஆட்டத்தில் எண்ணினேன். பத்தொன்பது முறை ஐவர் கம்பியில் பந்து கிடைத்தது, பதினொன்று மூவர் கம்பியில் அடங்கியது.

தடுப்புச்சுவர் சொன்ன சிறிய புல் ஷாட்டையும் முயன்றேன். இரண்டு முறை நேராக, மூன்றாவது ஓரம். வழக்கமாக என்னைத் தடுப்பவர் மூன்றாவதில் நகரவே இல்லை, பந்து உள்ளே போன பிறகுதான் திரும்பிப் பார்த்தார்.

இப்போது புதுச் சிக்கல். சந்துப் பாஸ் பயிற்சியில் ஐம்பதுக்கு முப்பத்தைந்து வருகிறது, ஆட்டத்தில் மட்டும் கம்பியை எதிர்த் திசையில் இழுக்கும்போது பந்தைத் தாண்டிப் போய்விடுகிறேன். கால் வெறும் காற்றை வீசுகிறது.

#20 ஐவர்கம்பி

பத்தொன்பதுக்குப் பதினொன்று! மனதாரச் சந்தோஷப்படுகிறேன்.

காற்றை வீசுவதற்குக் காரணம், ஆட்டத்தில் பந்தைப் பயிற்சியைவிட வேகமாக உருட்டுகிறீர்கள். பந்து வேகமாக வந்தால் எதிர்த் திசை இழுப்பில் இரண்டும் ஒன்றையொன்று கடந்துவிடும், பாதம் படுவதற்கு நேரமே இருக்காது. முதல் தட்டலை மெதுவாக்குங்கள். தட்டிய பிறகு ஒன்று, இரண்டு என்று மனதுக்குள் எண்ணிவிட்டு உரசுங்கள். இழுப்பும் சிறிதாக இருக்கட்டும், அரைப் பாதம் அகலம் போதும்.

#21 தடுப்புச்சுவர்

ஒரு காணொளி போட முடியுமா, கையை மட்டும் பிடித்தது? முதல் தட்டலிலிருந்தே தெரிய வேண்டும்.

#22 வெள்ளைப்பந்து

இன்று மாலை எடுத்துப் போடுகிறேன். ‘ஒன்று, இரண்டு’ எண்ணியும் ஒன்று, எண்ணாமலும் ஒன்று.